எட்டுக்கும் ஒன்பதுக்கும் நடுவுல

செப்டம்பர் 2

டைரி எழுதற பழக்கமெல்லாம் எனக்குக் கிடையாது. கம்பெனியில ருசி பார்த்த காபிக்கெல்லாம் நோட்டு போடுவேன், அதோட சரி. லீவுல உட்கார்ந்திருக்கறவனுக்குக் கை சும்மா இருக்க மாட்டேங்குது. அதனால இது.

ஆகஸ்ட்ல வந்த காய்ச்சல் போயிருச்சு. மூக்கு மட்டும் கொஞ்சம் மந்தமா இருக்கு. கொஞ்சம்தான். இருபத்தாறு வருஷமா காபிக்கொட்டைக் கம்பெனியில ருசி பார்க்கற வேலை. ஒரு ஸ்பூன் உறிஞ்சினா எந்த மலைத் தோட்டம், காயப்போட்ட களத்துல மழை பட்டுச்சா இல்லையான்னு சொல்றவன் நான். ஒரு சளிக்காய்ச்சல் வந்து என்னை என்ன பண்ணிரும்?

பெள்ளியப்பா சார் போன் பண்ணார். எங்க குவாலிட்டி மேனேஜர், குடகுக்காரர், நல்ல மனுஷன். "திருமூர்த்தி, முப்பதாம் தேதி ஒரு மேஜை போடறேன். சும்மா அஞ்சு கப். அதுல எது கெட்டதுன்னு சொல்லிட்டீங்கன்னா மறுநாளே உங்க நாற்காலியில வந்து உட்காருங்க" என்றார்.

"சொல்லலைன்னா?"

"குடோன் இன்சார்ஜ் இடம் காலியா இருக்கு. சம்பளத்துல கை வைக்க மாட்டேன்."

சம்பளத்தை இப்ப யார் கேட்டா? மூட்டை எண்ற வேலைக்கு நானா? போனை வெச்சதும் சாந்தாமணி சமையல்கட்டுல இருந்து, "என்னங்க சொன்னாரு?" என்றாள். வரச் சொன்னாருன்னேன்.

செப்டம்பர் 4

முப்பதாம் தேதிக்குள்ள நாக்கைத் தீட்டிக்கணும். யோசனை பண்ணினதுல ஒரு வழி கிடைச்சுது.

கம்பெனி ஆண்டு விழாவுல குலுக்கல்ல விழுந்த எஸ்பிரெஸ்ஸோ மெஷின் ஒண்ணு அஞ்சு வருஷமா பரண்ல தூங்குது. சின்ன மெஷின். கொஞ்சூண்டு தண்ணியைப் பலமா அழுத்தி, தூள் வழியா தள்ளிக் கெட்டிக் காபியா இறக்கும். அதுல விசேஷம் என்னன்னா, தூள் ஒரு இழை கரகரப்பா இருந்தாப் புளிக்கும், ஒரு இழை நைசா இருந்தாக் கசக்கும். ஒரே கொட்டையில மூணு கப் போடலாம்: ஒண்ணு புளிப்பு, ஒண்ணு கசப்பு, ஒண்ணு சரியானது. கண்ணை மூடிட்டு எது எதுன்னு சொல்லணும். இதைவிடப் பயிற்சி வேற என்ன வேணும்?

மெஷினை இறக்கித் துடைச்சு, மிக்ஸியில கொட்டையை அரைச்சேன். பாதி மாவு, பாதி குருணை. தண்ணி ஒரு ஓரமா ஓட்டை போட்டுக்கிட்டுச் சல்லுனு கொட்டிருச்சு. நிறத்தைப் பார்த்தாலே தெரிஞ்சுது, வாயில வைக்க லாயக்கில்லை.

"இதுக்குன்னு தனி கிரைண்டர் வாங்கணும்" என்றேன்.

"இந்த ஊர்ல வீட்டுக்கு ஒரு கிரைண்டர் போதாதுங்களா? மாவு ஆட்டறதையே வெக்க எடமில்ல" என்றாள் சாந்தாமணி. கோயமுத்தூர்க்காரிகிட்ட கிரைண்டர்னு சொன்னது என் தப்பு.

செப்டம்பர் 7

சாந்தாமணியையும் கூட்டிட்டு ஆர்.எஸ். புரத்துல ஒரு கடைக்குப் போனேன். காபிச் சாமான் மட்டும் விக்கற கடை. நடத்தறது ஒரு முப்பது வயசுப் பொண்ணு. என் வேலையைச் சொன்னதும் எழுந்து நின்னுட்டா. அது கொஞ்சம் சந்தோஷமாத்தான் இருந்துச்சு.

மூணு காட்டினா. ஒண்ணு கையால சுத்தறது. அரைப்பு நல்லா இருக்கும், ஆனா எஸ்பிரெஸ்ஸோவுக்கு அரைக்கறதுக்குள்ள தோள்பட்டை கழண்டுரும், ஒரு நாளைக்கு நான் பத்து தரம் அரைக்கணும். ரெண்டாவது பெரிய கடைக்காரங்க வாங்கற ராட்சசன், வீட்டுல வெச்சா சாந்தாமணி என்னை வெளிய வெச்சிருவா. மூணாவது ஆரம்பக்காரங்களுக்குன்னு வர்ற சின்னது. உள்ள கூம்பு மாதிரி இரும்புப் பல் சக்கரம், வெளிய ஒரு வளையம். வளையத்தைத் திருப்பினா ஒண்ணுல இருந்து முப்பது வரைக்கும் டிக் டிக்குனு நிக்கும். நம்பர் குறைஞ்சா நைசு, கூடினா கரகரப்பு. இது போதும்னு சொன்னேன்.

அவ கொஞ்சம் அரைச்சு, தட்டத்துல கொட்டி நீட்டினா. நான் குனிஞ்சு மோந்து, "ம், நல்ல வாசம். லேசா சாக்லேட் வருது" என்றேன்.

அவ முகம் ஒரு மாதிரி ஆச்சு. "இல்லீங்க சார், இது டெமோவுக்கு வெச்சிருக்கற கொட்டை. ஒரு வருஷமாச்சு. சும்மா சக்கைங்க."

மரியாதைக்குச் சொல்றதுதானே இதெல்லாம். கடைக்காரப் பொண்ணு மனசு நோகக்கூடாதுன்னு நாலு வார்த்தை நல்லபடியா சொன்னேன். வரும்போது பஸ்ல சாந்தாமணி ஜன்னலையே பார்த்துட்டு வந்தா.

செப்டம்பர் 8

கணக்கு இதுதான்: பதினெட்டு கிராம் தூள் போடணும், முப்பத்தாறு கிராம் காபி இறங்கணும், இருபத்தஞ்சுல இருந்து முப்பது செகண்டுக்குள்ள. தராசு, செல்போன்ல ஸ்டாப்வாட்ச், எல்லாம் தயார்.

பதினஞ்சுல வெச்சேன். ஒன்பது செகண்டுல குழாயைத் திறந்து விட்ட மாதிரி கொட்டிருச்சு. பன்னெண்டு: பதினாலு செகண்ட். பத்து: பதினெட்டு. இன்னைக்கு மட்டும் கால் கிலோ கொட்டை காலி. சாந்தாமணி அத்தனையும் ருசி பார்த்து, ராத்திரி தூங்கலைன்னா என்னைக் கேட்கக்கூடாதுன்னுட்டா.

செப்டம்பர் 9

ஒன்பது: இருபது செகண்ட், புளிப்பு. எட்டு: ஒரு நிமிஷமாகியும் நாலு சொட்டு. நடுவுல ஒண்ணுமே இல்லை. எட்டரைன்னு ஒரு இடம் இந்தச் சனியனுக்குக் கிடையாது.

செப்டம்பர் 11

நேத்து ஒரு முட்டாள்தனம் பண்ணினேன். மோட்டார் ஓடும்போதுதான் நைசுப் பக்கம் திருப்பணும். நான் நிறுத்தி வெச்சுட்டுத் திருப்பினேன், நடுவுல கொட்டை மாட்டிக்கிட்டுச் சக்கரம் இறுகிப் போச்சு. இன்னைக்குக் காலையில கழட்டினேன். மேல் சக்கரத்தை எடுத்துப் பிரஷ்ல தேய்ச்சேன். பழைய தூள் சந்து சந்தா ஒட்டியிருந்துச்சு. அதனாலதான் ஒவ்வொரு தரமும் முதல்ல வர்ற ரெண்டு கிராமைக் கீழ கொட்டணும்.

கழட்டினதுல ஒரு லாபம். உள்ளுக்குள்ள இன்னொரு வளையம் இருக்கு, மேல் சக்கரத்தையே கொஞ்சம் தூக்கி இறக்க. அதை ஒரு கண்ணி நகர்த்தி வெச்சுட்டு மறுபடி மாட்டினேன். பழைய எட்டுக்கும் ஒன்பதுக்கும் நடுவுல இருந்த இடம் இப்ப பதினொண்ணுல வந்து நிக்குது. தூளையும் அரை கிராம் குறைச்சுப் பதினேழரை. இருபத்தெட்டு செகண்ட்! தேன் மாதிரி நூலா இறங்குச்சு. கையைத் தட்டிட்டேன்.

சாந்தாமணி குடிச்சுட்டு, "நல்லா இருக்குதுங்க. வாசம் வாசப்படி வரைக்கும் வருது" என்றாள். சொல்லிட்டு நாக்கைக் கடிச்சுக்கிட்டா. எதுக்குன்னு தெரியலை.

செப்டம்பர் 12

மூக்கு டாக்டர். பொறுமையா இருங்கன்னார். நாலு குப்பி கொடுத்திருக்கார்: கிராம்பு, எலுமிச்சை, ரோஜா, நீலகிரித் தைலம். தினம் ரெண்டு வேளை மோந்து பார்க்கணுமாம். ஒண்ணாங்கிளாஸ் பிள்ளைக்கு வெக்கற பரிட்சை. நீலகிரித் தைலம் நல்லாவே தெரியுது.

கண்ணுல தண்ணி வருதே, தெரியாம எப்படி இருக்கும்.

செப்டம்பர் 15

இன்னைக்கு முதல் பரிட்சை. சாந்தாமணிக்கு எல்லாம் சொல்லிக் கொடுத்தாச்சு. பதிமூணுல ஒண்ணு, ஒன்பதுல ஒண்ணு, பதினொண்ணுல ஒண்ணு. அவ அரைச்சு, இறக்கி, கப்பை மாத்தி மாத்தி வெக்கணும். நான் கூடத்துல சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தேன்.

முதல் கப் கசப்பு. ரெண்டாவது சரியானது. மூணாவது புளிப்பு.

"அத்தனையும் சரிங்க!" என்றாள். குரல்ல நிஜமாவே சந்தோஷம். மறுபடி வெக்கச் சொன்னேன். மறுபடியும் சரி. யார்கிட்ட?

செப்டம்பர் 18

நாலு நாளா ஒண்ணுகூடத் தப்பலை. குடோனாம், இன்சார்ஜாம்.

காலையில அடுப்புல பால் வெச்சுட்டு அவ மாடிக்குத் துணி காயப்போடப் போனா. நான் சமையல் மேடை கிட்டயே, தராசு முன்னாடி நின்னுட்டு இருந்தேன். மாடியில இருந்து ஓடி வந்து அடுப்பை நிறுத்தறா, பால் வத்தி, அடிப்பிடிச்சு, பாத்திரமே கரி. "பக்கத்துலதான நின்னீங்க?" என்றாள். தராசு மேல கவனமா இருக்கறவனுக்குப் பால் எங்க தெரியும்? அவ ஜன்னலையெல்லாம் திறந்து விட்டா.

செப்டம்பர் 21

இன்னைக்கும் மூணு கப். முதலாவது புளிப்பு, ரெண்டாவது கசப்பு, மூணாவது சரியானது. மூணாவதைக் கொடுத்துட்டு என் முகத்தையே பார்த்துட்டு நின்னா.

"எப்படிங்க இருக்குது?"

"சுத்தமான கப். ஒரு குறை சொல்ல முடியாது."

"நல்லாப் பார்த்துச் சொல்லுங்க. இன்னொரு வாய் குடிங்க."

குடிச்சேன். முழுசா குடிச்சு முடிச்சு, "பதினொண்ணாம் நம்பர், பதினேழரை கிராம், கம்பெனியிலகூட இப்படி ஒரு கப் போட முடியாது" என்றேன்.

அவ கப்பை வாங்கிட்டு உள்ள போனா. சிங்க்குல குழாய் ரொம்ப நேரம் ஓடிட்டே இருந்துச்சு. சிறுவாணித் தண்ணி நாலு நாளைக்கு ஒரு தரம் வருது, இவ இப்படித் திறந்து விட்டா எப்படி? போய்ச் சத்தம் போட்டேன். திரும்பிப் பார்க்காம, வெங்காயம் உரிச்சேங்க, கண்ணு எரியுதுன்னா.

செப்டம்பர் 22

"குடோன் வேலைன்னா அவ்வளவு மோசமுங்களா?" என்று சோறு போடும்போது கேட்டாள்.

"ஏன், நான் தோத்துருவேன்னு முடிவே பண்ணிட்டியா?"

"அப்படியில்லீங்க. சம்பளம் குறையாதுன்னுதான சொல்லியிருக்காரு. உடம்புக்கும் அலைச்சல் இல்ல. இந்த மேஜைக்கெல்லாம் போகாம நேரா…"

தட்டைத் தள்ளி வெச்சுட்டு எழுந்துட்டேன். பொண்டாட்டியே நம்பலைன்னா ஊர்ல எவன் நம்புவான்? ஒரு வாரமா அத்தனை கப்பும் அவ கையால வெச்சு, அவ வாயால சரின்னு சொன்னவ. இப்ப இப்படிப் பேசறா. ரொம்ப வலிச்சுது. அதை அவகிட்ட சொல்லவும் செஞ்சேன்.

செப்டம்பர் 26

ரெஜினா போன் பண்ணினா. என் பக்கத்து நாற்காலியில உட்கார்ந்து ருசி பார்க்கற பொண்ணு, நாலு வருஷமா கூட வேலை செய்யறா. "சார் இல்லாம மேஜை வெறிச்சுன்னு இருக்குதுங்க, சீக்கிரம் வாங்க" என்றாள். முப்பதாம் தேதி எப்படிப்பட்ட கப் வெப்பாங்கன்னு சாடையா கேட்டேன். "கஷ்டமா எல்லாம் வெக்க மாட்டாருங்க சார், பயப்படாதீங்க" என்றாள். பயமாம். இவகிட்ட யார் பயந்தா?

செப்டம்பர் 29

காரம் சாப்பிடலை. பல்லை வெறும் பிரஷ்ல தேய்ச்சேன். பத்து கப், பத்தும் சரி.

செப்டம்பர் 30

எழுதித்தான் ஆகணும்.

பத்து மணிக்குப் போனேன். வாட்ச்மேன்ல இருந்து கேன்டீன்கார அம்மா வரைக்கும் வந்து கையைப் பிடிச்சுட்டாங்க. ருசி பார்க்கற ரூம் கதவைத் திறந்ததும் எனக்கு முதல்ல கண்ணுல பட்டது ஃபேன். முழு வேகத்துல ஓடுது. ஜன்னல் ரெண்டும் திறந்திருக்கு. இருபத்தாறு வருஷத்துல மேஜை போட்டிருக்கும்போது அந்த ரூம்ல ஃபேன் ஓடினதே கிடையாது, வாசம் கலைஞ்சுரும்.

"யாரு ஃபேனைப் போட்டது? மேஜைன்னா என்னன்னு மறந்தாச்சா?" என்று சத்தம் போட்டேன். வந்ததும் வராததுமா பழைய திருமூர்த்தின்னு எல்லாரும் சிரிப்பாங்கன்னு நினைச்சேன். யாரும் சிரிக்கலை. ரெஜினா போய் நிறுத்தினா. பெள்ளியப்பா சார் கைக்குட்டையை மூக்குல வெச்சிருந்தார். உங்களுக்கும் சளியான்னு கேட்டேன். ஆமாம்ப்பான்னார்.

அஞ்சு கப். முறைப்படி முதல்ல உலர்ந்த தூள், குனிஞ்சு கண்ணை மூடி ஒவ்வொண்ணா மோந்தேன். வெந்நீர் ஊத்தி நாலு நிமிஷம். மேல கட்டின ஆடையை ஸ்பூனால உடைச்சு மறுபடி மோந்தேன். அப்புறம் உறிஞ்சினேன். நாக்கு நல்லாத்தான் வேலை செஞ்சுது. ஒண்ணும் மூணும் புளிப்பு கொஞ்சம் தூக்கல். நாலு, அஞ்சு சாதாரணம். ரெண்டாவது நல்ல கனமா, நாக்குல நின்னுச்சு. கெட்டதுன்னு ஒண்ணு இருக்கணுமே, எதுன்னு ரெண்டு சுத்து தேடினேன். கிடைக்கலை. சரி, நம்மளை ஆழம் பார்க்கறாங்க, கெட்டது வெக்கவே இல்லைன்னு தோணுச்சு. அப்படித் தோணினதும் தைரியம் வந்துருச்சு.

"அஞ்சும் சுத்தம். இருக்கறதுல ரெண்டாவதுதான் உசத்தி. எண்பத்தஞ்சு மார்க் போடலாம்" என்றேன்.

பெள்ளியப்பா சார் வந்து என் தோள் மேல கையை வெச்சார். "சரி திருமூர்த்தி. வாங்க, சாப்பிடப் போலாம்" என்றார். மணி பதினொண்ணுகூட ஆகலை.

நான் சாப்பிடலை. பைக்கை எடுக்கும்போது ரெஜினா பின்னாலயே வந்தா. எதுன்னு கேட்டேன். அவ சொல்ல மாட்டேன்னு தலையை ஆட்டினா. "அம்மிணி, நீ சொல்லலைன்னா நான் இங்கயே நிப்பேன்" என்றேன்.

"ரெண்டாவதுங்க சார். லாரியில டீசல் கொட்டின மூட்டை. உங்களுக்கு சுலபமா இருக்கட்டும்னு பெள்ளியப்பா சாரே போய் எடுத்துட்டு வந்தாருங்க. காலையில அரைக்கும்போதே ஆபீஸ் முழுக்க நாறிருச்சு. அதுக்குத்தான் ஃபேன் போட்டது." முந்தானையால வாயை மூடிக்கிட்டா.

டீசலுக்கு எண்பத்தஞ்சு மார்க் போட்டிருக்கேன். எல்லாரும் பார்த்துட்டு நின்னாங்க.

அக்டோபர் 1

நேத்து வீட்டுக்கு வந்து பேசலை. இன்னைக்குக் காலையில சொன்னேன். சாந்தாமணி ஆச்சரியப்படலை. அதைப் பார்த்ததும் எனக்குப் புரிஞ்சுது, அவளுக்கு முன்னமே தெரியும்னு.

"இருபத்தொண்ணாம் தேதி மூணாவது கப்புல பெருங்காயம் போட்டேனுங்க" என்றாள். "ரெண்டு சிட்டிகை. எனக்கே குமட்டுச்சு. நீங்க முழுசாக் குடிச்சீங்க."

எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. "அன்னைக்கே சொல்லியிருந்தா நான் அங்க போய் அப்படி நின்னிருப்பேனா? அத்தனை பேர் முன்னாடி! நீ சொல்லியிருக்கணுமா இல்லையா?" கத்தினேன். பக்கத்து வீட்டுக் கதவு திறந்துச்சு, அதுக்கும் கத்தினேன்.

அவ அழுதுகிட்டே, ஆனா விடாம சொன்னா: "எப்படிங்க சொல்லுவேன்? கப்பைக் கையில வெச்சுட்டுச் சிரிச்சீங்க. காய்ச்சலுக்கப்புறம் அன்னைக்குத்தான் சிரிச்சீங்க. குடோனுக்கே போயிரலாம்னு மறுநாள் சொன்னேனில்ல? தட்டைத் தள்ளிட்டுப் போனது யாரு?"

டைரியை எடுத்துட்டு மாடிக்கு வந்துட்டேன்.

பன்னெண்டாம் தேதி டாக்டர் சொன்னதுல பாதியைத்தான் இங்க எழுதினேன். மீதி இது: வாசனை நரம்பு அடிபட்டுப் போச்சு. சிலருக்குத் திரும்பி வரும், சிலருக்கு வராது, உங்களுக்கு ஒரு துளிகூடத் தெரியலைங்கறதால நம்பிக்கை கொடுக்க முடியாதுன்னார். புளிப்பும் கசப்பும் நாக்கோட வேலை, அதுக்கும் மூக்குக்கும் சம்பந்தம் இல்லை. இது டாக்டர் சொல்லி எனக்குத் தெரிய வேண்டியதில்லை. ருசி பார்க்க வர்ற ஒவ்வொருத்தருக்கும் முதல் நாள் சொல்ற பாடம். தெரிஞ்சேதான் பதினஞ்சு நாள் புளிப்பையும் கசப்பையும் வெச்சு விளையாடிட்டு இருந்தேன். மூக்கைப் பரிட்சை பண்ற மாதிரி ஒரு கப்கூட வெக்கச் சொல்லலை. பயமாத்தான் இருந்துச்சு.

அக்டோபர் 4

கையெழுத்துப் போட்டுக் கொடுத்தாச்சு. ஆறாம் தேதியில இருந்து குடோன்.

அக்டோபர் 9

குடோன்ல நாலாவது நாள். மூட்டை வருது, மூட்டை போகுது. மத்தியானம் ரெஜினா சாம்பிள் எடுக்க வந்தா. ஒரு கைப்பிடி கொட்டையை அள்ளி முகத்துகிட்ட கொண்டு போனவ, என்னைப் பார்த்ததும் அப்படியே பையில போட்டுக்கிட்டா. நான் வேற பக்கம் திரும்பிட்டேன்.

ஆறு மணிக்கு வந்து கை கால் கழுவிட்டு மெஷினைப் போட்டேன். கொட்டை புதுசு, பதினொண்ணு வேகமா ஓடுது, பத்துக்கு இறக்கினேன். மோட்டாரை ஓட விட்டுத்தான் திருப்பினேன். முதல் ரெண்டு கிராமைக் கொட்டிட்டு, பதினேழரை நிறுத்தி, முப்பத்தாறு கிராம் இருபத்தேழு செகண்டுல இறங்குச்சு. நம்பர் எல்லாம் சரி. கப்பை சாந்தாமணிகிட்ட கொடுத்தேன்.

"குடிக்காத. முதல்ல மோந்து பாரு. என்ன வாசம் வருது?"

"காபி வாசமுங்க."

"காபின்னா எது? கருப்பட்டியா, பழமா, வறுத்த கடலையா? அதுல நூறு இருக்கு. நல்லாப் பார்த்துச் சொல்லு."

அவ கண்ணை மூடிக்கிட்டு மோந்தா. பாவம், நிஜமாவே முயற்சி பண்ணினா. "எனக்கு உங்களாட்டம் சொல்லத் தெரியலீங்க" என்றாள். மறுபடி மோந்தா. அப்புறம் முகம் லேசா மலர்ந்துச்சு. "சாயங்காலம் வேலை முடிஞ்சு வந்து சட்டையைக் கழட்டிப் போடுவீங்களே, இத்தனை வருஷமா, அதுல வர்ற வாசமுங்க."

"இப்ப?"

அவ கப்பைக் கீழ வெச்சா. நான் மறுபடி கேட்டேன்.

"இப்ப சாக்கு வாசமுங்க."

நான் காலரை இழுத்து மூக்குகிட்ட வெச்சு ரெண்டு மூணு தரம் மோந்தேன். அவ என் கையைப் பிடிச்சு இறக்கிவிட்டா. வேண்டாமுங்க, விடுங்கன்னா.